காது கொடுப்பவரும் மனு கொடுப்பவரும்: கல்லூரியில் சக மாணவர் மனநலத் துணைக்குழு அமைக்க முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் ஒருவர் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருப்பது முதலில் தெரிவது ஆசிரியருக்கோ கவுன்சலருக்கோ இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுப்பவருக்கு, ஒரே பஸ்ஸில் வருபவருக்கு, லேபில் கூட நிற்பவருக்குத்தான் தெரியும். மூன்று நாளாக மெஸ் பக்கம் வரவில்லை, ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார், அம்மா போன் செய்தால் எடுப்பதில்லை என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் பக்கத்தில் நண்பர் ஒருவர் இருந்திருப்பார். என்ன கேட்பது, யாரிடம் போவது என்று அந்த நண்பருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. கலை அறிவியல், பொறியியல், பாலிடெக்னிக் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

முதலில் வேலையை இரண்டாகப் பிரியுங்கள்

பெரும்பாலான மாணவர் குழுக்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. ஒருவரின் வலியைக் கேட்பது ஒரு வேலை. அந்த வலிக்குக் காரணமான அட்டெண்டன்ஸ் விதி, விடுதி நடைமுறை, கட்டணக் கெடு, ஆசிரியரின் வசைச்சொல் ஆகியவற்றை மாற்றச் சொல்லி நிர்வாகத்திடம் போவது இன்னொரு வேலை. இரண்டும் வேண்டும். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் அடுத்த செமஸ்டரிலும் அதே காரணத்தால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள். மனு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றிரவு அழுதுகொண்டிருப்பவருக்குப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆனால் இரண்டையும் ஒரே ஆள் செய்யக்கூடாது. காது கொடுப்பவர் நேற்று கேட்டதை இன்று முதல்வர் அறையில் சொல்லிவிடுவாரோ என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மனு கொடுக்கிறவர் மேல் நிர்வாகத்துக்குக் கோபம் வரலாம். அந்தக் கோபம் கேட்பவரின் மேலும் பாய்ந்தால் குழுவே கலைந்துவிடும். எனவே கேட்போர் அணி ஒன்று, மனு அணி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெயர் இல்லாத எண்ணிக்கை மட்டும் போகட்டும்.

எதன் கீழ் தொடங்குவது, யாரைச் சேர்ப்பது

தனிச் சங்கம் என்று அனுமதி கேட்டால் பல கல்லூரிகளில் கோப்பு நகராது. நாட்டு நலப்பணித் திட்டம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், மகளிர் மேம்பாட்டு மையம் என ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் கீழ் தொடங்குவது சுலபம். அறை கிடைக்கும், ஒரு பொறுப்பாசிரியர் கிடைப்பார், பயிற்சி நாட்களுக்கு ஆன் டியூட்டி கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்தால் 2022 இறுதியில் தொடங்கப்பட்ட ‘மனம்’ என்கிற மனநல நல்லாதரவு மன்றம் உங்கள் கல்லூரியில் இயங்குகிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

கேட்போர் அணிக்கு விடுதியில் மாடிக்கு ஒருவர், டே ஸ்காலர்களில் ஒவ்வொரு துறைக்கும் ஒருவர் என்ற கணக்கு போதும். டாப்பர்களையும் மேடைப் பேச்சாளர்களையும் பொறுக்கி எடுக்காதீர்கள். அரியர் வைத்திருப்பவர் தன்னைவிடப் பத்து மார்க் கூட வாங்குபவரிடம் போய் அரியரைப் பற்றிப் பேசமாட்டார். தமிழ்வழியில் படித்து வந்தவர், முதல் பட்டதாரி, வெளிமாநில மாணவர், மாற்றுத்திறனாளி, பால்புதுமையினர் (தன்பால் ஈர்ப்பாளர், திருநர் முதலானோர்), வெவ்வேறு சாதி சமயத்தவர் என எல்லோரும் ‘நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார்’ என்று நினைக்கும்படி அணி இருக்க வேண்டும். ஏற்கெனவே பலரும் மனம்விட்டுப் பேசும் ஆள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார். “உனக்கு ஒரு பிரச்சினைன்னா கிளாஸ்ல யாருகிட்ட சொல்லுவ?” என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கினால் திரும்பத் திரும்ப ஒரே பெயர்கள் வரும். அவர்களை அழையுங்கள்.

அண்மையில் நெருங்கிய ஒருவரை இழந்தவரும், தானே சிகிச்சையின் தொடக்கத்தில் இருப்பவரும் ஆறு மாதமாவது பொறுக்கட்டும். ஆர்வம் இருந்தால் அதுவரை சுவரொட்டி, பயிற்சி ஏற்பாடு என்று வேறு வேலை கொடுங்கள்.

பயிற்சி

இரண்டு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம். பேச்சாளரைக் கூட்டிவந்து ஹாலில் உட்கார வைத்துப் பவர்பாயிண்ட் காட்டுவது பயிற்சி ஆகாது. நேரத்தில் பாதிக்கு மேல் இருவர் இருவராக உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரும் உளவியலாளரும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருப்பார்கள். பொறுப்பாசிரியர் கையெழுத்திட்ட கடிதத்தோடு நேரில் போய்க் கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் மூன்று சொற்களே பாடத்திட்டம்: பார், கேள், இணை. இதில் குணப்படுத்துவது என்ற சொல் கிடையாது. சக மாணவர் ஒரு பாலம். பாலத்தில் யாரும் குடியிருக்க முடியாது, கடந்து மறுகரைக்குப் போக வேண்டும்.

எந்த நாட்களில் கண் வைப்பது

கல்லூரிக் காலண்டரை எடுத்து முன்கூட்டியே வட்டம் போட்டுவிடலாம். முதலாண்டில் முதல் ஆறு வாரம். அதிலும் தமிழ்வழியில் நல்ல மார்க் எடுத்து வந்தவர் ஆங்கிலப் பாடம் புரியாமல் முதல் இன்டர்னலில் ஃபெயில் ஆகும் வாரம். ரிசல்ட் வரும் நாளும் ரீவேல்யுவேஷன் முடிவு வரும் நாளும். பரீட்சைக் கட்டணத்தின் கடைசித் தேதி. தீபாவளி, பொங்கல் விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பும் முதல் இரண்டு நாள், ஏனென்றால் வீட்டில் நடந்தது அப்போதுதான் பொங்கும். இறுதியாண்டில் பிளேஸ்மென்ட் சீசன். ஐந்தாவது கம்பெனியும் கைவிட்ட அன்று மாலை யார் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று பாருங்கள்.

அறிகுறி என்றால் மாற்றம். கலகலவென்று இருந்தவர் அமைதியாவது, அமைதியானவர் எரிந்து விழுவது. குளிக்காமல் இருப்பது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, புதிதாகக் குடி அல்லது கஞ்சா, வாட்ஸ்அப் குழுக்களில் இருந்து ஒவ்வொன்றாக வெளியேறுவது. ஹெட்போன், கால்குலேட்டர், பிடித்த சட்டை என்று சொந்தப் பொருட்களைப் பிறருக்குக் கொடுப்பது, கடனையெல்லாம் திடீரென்று தீர்ப்பது. பல வாரம் துவண்டு கிடந்தவர் காரணமில்லாமல் சட்டென்று நிம்மதியாகிவிட்டால் ‘சரியாயிட்டான்’ என்று விட்டுவிடாதீர்கள். முடிவெடுத்துவிட்ட நிம்மதியாகவும் அது இருக்கலாம்.

பேச்சை எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது

இடம் முக்கியம். கேண்டீன் மேஜை வேண்டாம், பூட்டிய அறையும் வேண்டாம். கிரவுண்டைச் சுற்றி நடந்தபடி பேசுவது பலருக்கும் எளிது, கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நாற்பது நிமிடமாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள். போனை சைலன்டில் போடுங்கள்.

பார்த்ததை வைத்து ஆரம்பியுங்கள். “ஏன் இப்படி இருக்க?” என்று கேட்டால் தற்காப்பு வரும். “மூணு நாளா மெஸ்ல உன்னக் காணோம். நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கும் உன் ரூம்ல லைட் எரிஞ்சுது. என்னடா, எதாச்சும் ஓடிட்டிருக்கா?” என்று கேட்டால் கவனித்திருக்கிறார்கள் என்பது தெரியும். “ஒண்ணுமில்ல” என்று பதில் வந்தால் பரவாயில்லை. “சரி. நாளைக்குச் சாயங்காலம் டீ குடிக்கப் போறப்ப உன்னக் கூப்பிடுறேன்” என்று சொல்லி, மறுநாள் உண்மையாகவே கூப்பிடுங்கள். பெரும்பாலும் இரண்டாவது அழைப்பில்தான் வாய் திறக்கும்.

விஷயத்துக்குள் போகும் முன்பே ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுங்கள். இந்த வாக்கியத்தை மனப்பாடமாக வைத்திருங்கள்: “நீ சொல்றது என்னோடயே இருக்கும். உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் பெரியவங்க யாராச்சும் ஒருத்தர்கிட்டச் சொல்லுவேன். அப்பவும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்.” முதலாண்டு மாணவர் பலருக்கு வயது பதினேழு. பதினெட்டு நிரம்பாத ஒருவர் தனக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகச் சொன்னால், அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி கட்டாயம். அந்த இடத்தில் ரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. உடனே பொறுப்பாசிரியரிடமோ 1098 குழந்தைகள் உதவி எண்ணிலோ சொல்லுங்கள். மாணவரைத் தனியே அனுப்பாமல் கூடவே இருங்கள்.

அப்புறம் கேளுங்கள். நடுவில் மௌனம் வந்தால் நிரப்பாதீர்கள். அவர் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்லுங்கள்: “அரியர்கூடப் பெருசில்ல, அப்பா கடன் வாங்கிக் கட்டின ஃபீஸ்தான் உறுத்துதுன்னு சொல்ற, இல்லையா?” இது சரியாக விழுந்தால் மனிதர் மூச்சு விடுவது கண்ணுக்குத் தெரியும்.

நல்லெண்ணத்தோடு சொல்லிக் கெடுதலில் முடியும் வாக்கியங்கள் சில நம் ஊரில் பழக்கத்தில் இருக்கின்றன. “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்பது அவர் வலியைச் சின்னதாக்குகிறது. “என் கதையக் கேட்டா நீ அழுதுடுவ” என்பது பேச்சைப் பிடுங்கிக்கொள்கிறது. மிகவும் ஆபத்தானது, “உங்க அம்மா அப்பாவ நினைச்சுப் பாரு.” அவர் அவர்களை நினைக்காமல் இல்லை. நாள் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். ‘நான் அவங்களுக்குப் பாரம், நான் இல்லாம இருந்தா அவங்களாச்சும் நிம்மதியா இருப்பாங்க’ என்ற எண்ணம் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும். நீங்கள் அதன் மேல் இன்னொரு கல்லை வைக்கிறீர்கள். அதற்குப் பதிலாக, “இதை யாருக்கும் சொல்லாமத் தனியாவே தூக்கிட்டிருந்திருக்க” என்று சொன்னால் போதும்.

படபடப்பு வந்து மூச்சுத் திணறுபவருக்கு அறிவுரை வேண்டாம். உட்கார வைத்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டச் சொல்லி, கூடவே நீங்களும் செய்யுங்கள்: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். பொதுவாகப் பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு அரை மணிக்குள் அடங்கும். முதல்முறை வருகிறது, நெஞ்சு வலியும் இருக்கிறது என்றால் மருத்துவமனைக்குப் போய் இதயத்தைப் பார்த்துவிடுவதே சரி. யாரோ பின்தொடர்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை நிரூபிக்கவும் மறுக்கவும் வாதாடாதீர்கள். “உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது, நான் கூட இருக்கேன்” என்று சொல்லி அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். கடுமையான மனநோய்கள் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் இந்தக் கல்லூரி வயதில்தான். எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

சாவைப் பற்றி நேராகக் கேளுங்கள்

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. நேராகக் கேட்பது எண்ணத்தைத் தூண்டாது, பலருக்கு ஆறுதலையே தரும். “தப்பான முடிவு எதுவும் எடுத்துடாத” என்று சுற்றி வளைத்தால், அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்றுதான் அவர் புரிந்துகொள்வார். இந்த வரிசையில் கேளுங்கள்.

“செத்துட்டா தேவலன்னு தோணுதா?”
“உயிர விட்டுடணும்னு நினைச்சதுண்டா?”
“எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா? அதுக்கு எதாச்சும் எடுத்து வச்சிருக்கியா?”
“எப்போன்னு மனசுல இருக்கா? இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் முயற்சி பண்ணியிருக்கியா?”

முதல் கேள்விக்கு மட்டும் ‘ஆமாம்’ என்றால் ஓரிரு நாளில் கவுன்சலரைப் பார்க்க ஏற்பாடு செய்து, தினமும் இரண்டு முறை தொடர்பில் இருங்கள். வழியோ நாளோ மனதில் இருந்தால், அல்லது முன்பு முயன்றிருந்தால், அது இன்றிரவு செய்ய வேண்டிய வேலை.

அந்த இரவில் செய்ய வேண்டியவை. ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள், கழிப்பறைக்குப் போனாலும் ஒருவர் வெளியே நிற்கட்டும். மாத்திரைகளையும், அவர் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளப் பயன்படுத்தக்கூடிய பொருட்களையும் அறையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். “இத நான் வச்சிருக்கேன், அப்புறம் தர்றேன்” என்று சொல்லியே எடுங்கள். உயிரை விடத் தோன்றும் உச்ச வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே நிற்கும், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். 14416-ஐ அழையுங்கள். டெலி மனாஸ் எனும் இந்தச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நண்பராக நீங்களே அழைத்து ‘என்ன செய்வது’ என்றும் கேட்கலாம். இணைப்பு கிடைக்காவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. ஏற்கெனவே ஏதாவது உட்கொண்டுவிட்டார் அல்லது காயம் இருக்கிறது என்றால் எந்த ஆலோசனை எண்ணும் வேண்டாம், நேராக 108. வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். காலி அட்டை, பாட்டில் இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள், மருத்துவருக்கு உதவும்.

“போலீஸ் கேஸ் ஆயிடும், வேலை கிடைக்காது” என்று சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அறையிலேயே வைத்துக்கொள்வதுதான் நடக்கிற பெரிய தவறு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவின்படி, வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவர்மேல் அதற்காக வழக்கு நடத்தித் தண்டிக்கக்கூடாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காக முயல்வது மட்டுமே அங்கு குற்றம். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் அனுப்புவது ஒரு நடைமுறை, அதனால் மாணவர் குற்றவாளி ஆவதில்லை.

மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போவது

அரசு மருத்துவமனையில் காலை எட்டு மணிக்குள் ஓபி சீட்டு வாங்கும் வரிசையில் நில்லுங்கள். ஆதாரும் பழைய மருந்துச்சீட்டுகளும் கையில் இருக்கட்டும். கூட்டம் இருப்பதால் மருத்துவர் முன் கிடைக்கும் நேரம் குறைவு, உள்ளே போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனவே முந்தின நாளே அரைப்பக்கத்தில் எழுதி வையுங்கள்: எத்தனை வாரமாக, தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு, படிக்க முடிகிறதா, சாவு எண்ணம் உண்டா, குடி அல்லது கஞ்சா உண்டா, வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்ததா, வேறு மருந்து எடுக்கிறாரா.

மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், நிலைகொள்ளாமை வரலாம். பலர் அந்த வாரத்திலேயே ‘ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுகிறார்கள். இருபத்தைந்து வயதுக்குக் கீழானவர்களுக்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடவும் வாய்ப்பு உண்டு என்பதால் அந்த நாட்களில் கண் வைத்திருப்பது நண்பரின் வேலை. நிறுத்துவதும் கூட்டுவதும் மருத்துவர் சொல்லித்தான். முதல்முறை கூடப் போவதைவிட இரண்டாம்முறை கூடப் போவது முக்கியம். அந்த இரண்டாம் முறை போக வேண்டிய தேதியை உங்கள் போனில் குறித்து வையுங்கள்.

வீட்டார் கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போக விரும்பினால் சண்டை போட வேண்டாம். ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. மந்திரிப்பதோடு மாத்திரையும் தொடரட்டும் என்று பேசிப் பாருங்கள்.

வீட்டுக்குச் சொல்வதா?

“பேரண்ட்ஸ வரச் சொல்லு” என்பது நம் கல்லூரிகளின் முதல் கைவைத்தியம். பல நேரம் அது சரிதான். சில நேரம் அதுவே ஆபத்து. சாதி மாறிய காதல், தன் பால் ஈர்ப்பு, வீட்டிலேயே நடக்கும் அடி உதை அல்லது பாலியல் தொல்லை காரணமாக இருந்தால், அப்பாவுக்குப் போகும் ஒரு போன் அந்த மாணவியின் படிப்பையும் உயிரையும் பறிக்கக்கூடும். எனவே, “வீட்ல யாருகிட்டச் சொன்னா உனக்குப் பாதுகாப்பா இருக்கும்?” என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சித்தியோ மாமாவோ கல்யாணமான அக்காவோ இருப்பார். எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், அவர் முன்னாலேயே பேசுங்கள். வீட்டு வன்முறை என்றால் பெண்களுக்கான உதவி எண் 181.

குறிப்பேடு

பெயர், ரோல் நம்பர், போன் எண் எதுவும் வேண்டாம். தேதி, படிக்கும் ஆண்டு, காரணத்தின் வகை, எங்கே இணைத்தோம் என்ற நான்கு கட்டம் போதும். கூகுள் ஃபார்மில் ‘உங்கள் பிரச்சினையை எழுதுங்கள்’ என்று கேட்பதை உடனே நிறுத்துங்கள். அந்த ஷீட் யார் யார் கையில் இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. கேட்போர் அணியின் வாட்ஸ்அப் குழுவில் யாரைப் பற்றியும் ஒரு வரிகூட எழுதக்கூடாது, ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும் எல்லாம் முடிய.

மனு அணியின் வேலை

செமஸ்டர் நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கேட்போர் அணி எண்ணிக்கையைக் கொடுக்கும். அட்டெண்டன்ஸ், கட்டணம், விடுதி, ஆசிரியர் பேச்சு, ராகிங், சாதி என்று பிரித்துப் பாருங்கள். எது அதிகமோ அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுங்கள். பத்துக் கோரிக்கை உள்ள மனுவுக்குக் கிடைக்கும் பதில் ‘பரிசீலிக்கப்படும்’ என்பதுதான்.

அடுத்து, விதி என்ன சொல்கிறது என்று தேடுங்கள். நிர்வாகத்திடம் கருணை கேட்பதைவிட அவர்களுடைய விதியையே கையில் வைத்துக் கேட்பது பலமானது. பயன்படும் சில:

- உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று சுக்தேப் சாஹா எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில் கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இடைக்கால நெறிமுறைகள் தந்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது வேண்டும். ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி வேண்டும். உதவி எண்கள் விடுதி, வகுப்பறை, இணையதளத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனைக்கு உடனே அனுப்புவதற்கான எழுத்துபூர்வ நடைமுறை வேண்டும்.
- பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.
- ராகிங் என்றால் 1800-180-5522. சிதம்பரத்தில் 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு வந்த 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமும் நடப்பில் உள்ளது.
- பாலியல் தொந்தரவு என்றால், அதை விசாரிக்கக் கல்லூரியில் இருக்கும் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார்.
- அட்டெண்டன்ஸ்: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணத்தால் 65 வரை குறைந்தாலும் சான்றிதழோடு தேர்வெழுத விதியில் இடமுண்டு. மற்ற பல்கலைக்கழகங்களில் கண்டோனேஷன் (குறைந்த வருகைக்கு விலக்கு அளிக்கும்) விதியைத் தேடிப் பாருங்கள். சிகிச்சை தொடங்கிய நாளிலேயே சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும், செமஸ்டர் கடைசியில் ஓடினால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

பிறகு, கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம் என்று கண்டுபிடியுங்கள். துறைத்தலைவரால் மாற்ற முடியாததை அவரிடம் கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்.

மனு ஒரு பக்கம் தாண்டக்கூடாது. எடுத்துக்காட்டுக்கு, விடுதிக் கேட் இரவில் பூட்டியிருப்பதால் உடல்நலம் கெட்ட மாணவிகளை வெளியே கொண்டுபோகத் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். மனுவின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

“பொருள்: விடுதியில் இரவு நேர மருத்துவ அவசரத்துக்கான நிலையான எழுத்து உத்தரவு வேண்டுதல்.

தற்போது இரவு 9 மணிக்குப் பின் வாயிலைத் திறக்க விடுதிக் காப்பாளரின் கையெழுத்து தேவைப்படுகிறது. காப்பாளர் வளாகத்தில் இல்லாத நேரங்களில் தாமதம் ஏற்படுகிறது. உச்ச நீதிமன்றத்தின் 25.07.2025 நெறிமுறைகள், மருத்துவமனைக்கு உடனே அனுப்ப எழுத்துபூர்வ நடைமுறை இருக்க வேண்டும் என்கின்றன. எனவே, (1) மருத்துவ அவசரத்தில் காவலரே வாயிலைத் திறந்து, பின்னர் பதிவேட்டில் எழுதலாம். (2) இரவில் அழைக்க ஒரு வாகனமும் ஓட்டுநர் எண்ணும். (3) உடன் செல்லும் இரு மாணவியருக்கு மறுநாள் வருகைப்பதிவு. இம்மூன்றுக்கும் உத்தரவு பிறப்பிக்க வேண்டுகிறோம்.”

பாருங்கள், இதில் ஒருவர்மேலும் குற்றச்சாட்டு இல்லை, செலவும் பெரிதில்லை, ஒப்புக்கொள்வது எளிது. இரண்டு படி எடுத்து, அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரையும் பதிவு எண்ணும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு. வாயால் ‘சரி’ என்று சொன்னால் அன்று மாலையே, “இன்று தாங்கள் ஒப்புக்கொண்டபடி” என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள் என்ற பயம் நியாயமானது. தனியாக ஒருவர் ஒருபோதும் போக வேண்டாம். மூவராவது போங்கள், வேறு வேறு துறை, ஒருவராவது இறுதியாண்டு. கையெழுத்துகளை வரிசையாக இல்லாமல் வட்டமாக வாங்கினால் முதல் கையெழுத்து யாருடையது என்று தெரியாது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக்கூடாது என்பதும் அதே உச்ச நீதிமன்ற நெறிமுறையில் இருக்கிறது. அரசு அல்லது உதவிபெறும் கல்லூரி என்றால், ஆலோசகர் நியமிக்கப்பட்டாரா, தகுதி என்ன, மாதம் எத்தனை நாள் வருகிறார் என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

எந்த நிலையிலும் ஒரு தனி மாணவரின் கதையை அவர் சம்மதம் இல்லாமல் மனுவில் சேர்க்காதீர்கள். பெயரை எடுத்துவிட்டாலும் ‘இரண்டாமாண்டு சிவில், தேனி மாவட்டம்’ என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒரு மரணம் நடந்துவிட்டால்

அன்று ஒரு வேலைதான், அடுத்த மரணத்தைத் தடுப்பது. படமோ கடிதமோ எந்தக் குழுவிலும் பகிரப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எப்படி நடந்தது என்ற விவரம் பரவக்கூடாது. ‘லவ் ஃபெயிலியர்’, ‘அரியர்’ என்று ஒரே காரணத்தை ஒட்டாதீர்கள், அதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்கு அது வழி காட்டுவதுபோல் ஆகும். அறைத்தோழர், நெருங்கிய நண்பர், காதலித்தவர், கடைசியாகச் சண்டை போட்டவர், முன்பு முயன்றவர் என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு ஆளை நியமியுங்கள். பத்து நாள் தினமும், பிறகு மூன்று மாதம் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அறைத்தோழரை அன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள், ஆனால் தனி அறை கொடுக்காதீர்கள். அஞ்சலி செலுத்தலாம், நிரந்தர நினைவிடமோ பெரிய பேனரோ வேண்டாம். நியாயம் கேட்க வேண்டிய மரணமாக இருந்தால் கேளுங்கள். அதை மனு அணி செய்யட்டும், கேட்போர் அணி இந்தப் பட்டியலை விட்டு நகரக்கூடாது.

கேட்பவரைப் பார்த்துக்கொள்வது

ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் தாங்கக்கூடாது. இரவு பதினொன்றுக்குப் பிறகு வரும் அழைப்புகளுக்கு முறை வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை கவுன்சலரோடு ஒரு மணி நேரம், பெயர் சொல்லாமல், தனக்கு எது கனமாக இருக்கிறது என்று பேசட்டும். கேட்பவருக்கே தூக்கம் கெட்டு, தன் பாடம் தங்கி, ‘நான் போன் எடுக்கலன்னா அவ செத்துடுவா’ என்று தோன்றத் தொடங்கினால் அன்றே இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது மூவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள், இல்லையென்றால் கைவிடப்பட்டதாகத் தோன்றும்.

இறுதியாண்டு மாணவர்கள் ஏப்ரலில் போய்விடுவார்கள், அவர்களோடு குழுவும் போய்விடுவதுதான் வழக்கம். பிப்ரவரியிலேயே ஜூனியர்களைக் கூட உட்கார வையுங்கள். முத்திரை பதிந்த மனுக்களின் படிகள், வந்த உத்தரவுகள், மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவின் ஓபி நாட்கள், பயிற்சி அட்டவணை, வட்டம் போட்ட காலண்டர் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துப் பொறுப்பாசிரியரின் அலமாரியில் கொடுங்கள். கட்டமிட்ட குறிப்பேட்டிலிருந்து மொத்த எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கிழித்து எரித்துவிடுங்கள். ஜூனில் புதிய முதலாண்டு விடுதிக்கு வரும் நாளில், ஒவ்வொரு மாடியின் தண்ணீர்க் குழாய்க்கு மேலேயும் 14416 என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.